வாக்குரிமையும் ஊர்க் கட்டுப்பாடும்

ஜனநாயகம் என்பது வாக்குச்சீட்டோடு முடிந்துவிடும் காரியமாயிருந்தால், வயது வந்த பிரஜைகள் அனைவருக்கும் ஒருசேர வாக்குரிமை வழங்கிய நம் தேசத்தில் ஒடுக்குமுறை என்றைக்கோ மறைந்திருக்க வேண்டும். அரசியலில் சமத்துவமும், சமூக வாழ்விலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வும் கூடி நிலவும் முரண்பாட்டுக்குள் நாம் புகவிருக்கிறோம் என்று 1949 நவம்பர் 25-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் எச்சரித்தார். அந்த எச்சரிக்கையின் மெய்ப்பொருளை அறிய விரும்புவோர் நம் கிராம ஊராட்சிகளின் சமீப காலச் சரித்திரத்தைப் பார்த்தால் போதும்.

1992-இல் நிறைவேறிய 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சித் தலைவர் பதவிகளில் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஜனத்தொகை விகிதப்படி இடம் ஒதுக்க வகைசெய்தது. அதன்படி தமிழகத்தில் 1996-இல் தேர்தல் வந்தது. மதுரை மாவட்டத்து மேலவளவில், வேட்புமனு செய்தவர்கள் மிரட்டப்பட்டு, வாக்குப் பெட்டிகள் பறிக்கப்பட்டு, கடைசியில் போலீஸ் காவலுடன் நடந்த தேர்தலில் தலைவரான முருகேசன், பதவியேற்ற சில மாதங்களுக்குள், 1997 ஜூன் 30-ஆம் தேதி பஸ்ஸில் ஊர் திரும்பும் வழியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அன்று மாண்டவர்கள் அவரையும் சேர்த்து ஆறு பேர்.

ஆனால் ஒடுக்குமுறை நாள்தோறும் அரிவாளை எடுப்பதில்லை. எடுக்க வேண்டிய அவசியமும் அதற்கில்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய, தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட நான்கு ஊராட்சிகளில், தேர்தல் அறிவிப்பு வரும்போதெல்லாம் மனுச்செய்ய ஆளில்லாமலும், தப்பித்தவறி ஒருவர் வென்றால் உடனே ராஜினாமா எழுதிக் கொடுத்தும், 1996 முதல் பத்து ஆண்டுகள் கழிந்தன. 2006 அக்டோபரில்தான் அங்கே தேர்தல் ஒழுங்காக நடந்தது. இடையில் அவ்வூர் மக்களுக்கு வாக்குரிமை இல்லாமலா போயிற்று? இருந்தது. ஆனால் உழும் நிலம் பிறருடையது. அறுப்புக் கூலி பிறர் அளப்பது. அவசரத்துக்குக் கடன் கொடுப்பவரும், ஆடுமாடு மேய்க்கும் வரப்புக்கு உரியவரும் அந்த நிலக்காரரே. மனுத் தாக்கல் செய்தால் நாளைக்கு வேலையில்லை என்று ஊர்க்கூட்டத்தில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டால், அரசியல் சட்டத்தின் ஷரத்துகள் அத்தனையும் அந்த ஒரு வாக்கியத்தின் முன் செயலற்றுப் போகின்றன.

பதவியில் அமர்ந்த பின்னும் கட்டுப்பாடு விடுவதில்லை. தமிழகத்தில் ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையொப்பமிட வேண்டும் என்பது விதி. பணம் கையாடப்படாமல் காக்க ஏற்பட்ட இவ்விதி, ஆதிக்க சாதியைச் சேர்ந்த துணைத் தலைவர் பேனாவைத் தொட மறுத்த மாத்திரத்தில், குழாயைப் பழுதுபார்க்கவும் தெருவிளக்கு மாட்டவும் தலைவரால் முடியாதபடி செய்துவிடுகிறது. 2020-இல், கடலூர் மாவட்டத்துத் தெற்குத்திட்டையில் தலைவி தரையிலும் மற்றவர்கள் நாற்காலியிலும் அமர்ந்திருந்த புகைப்படம் வெளிவந்தது. அதே ஆண்டு சுதந்திர தினத்தன்று, திருவள்ளூர் மாவட்டத்து ஆத்துப்பாக்கத்தில் தலைவியைத் தேசியக் கொடி ஏற்ற விடவில்லை. புகார் எழுந்து அதிகாரிகள் வந்து நின்ற பிறகே அவர் கொடியேற்றினார்.

சட்டம் ஆசனத்தைத் தந்தது. அதில் அமர்பவரின் ஜீவனத்தைப் பிறர் கையிலேயே விட்டுவிட்டது. ஒடுக்குமுறை இன்றும் ஜீவித்திருக்கும் ரகசியம் இதுவே. ஆகவே ஒதுக்கீட்டோடு நிலமும், அண்டிப் பிழைக்க வேண்டாத வேலையும், கையொப்பத்தை மறுப்பவருக்கு உடனடித் தண்டனையும் சேர்ந்து வரும்வரை இந்தச் சீர்திருத்தம் பாதியில் நிற்பதே. வாசகர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்குத் தவறாமல் செல்லுங்கள். உங்கள் ஊராட்சித் தலைவர் எங்கே அமர்த்தப்பட்டிருக்கிறார், அவருக்காக யார் பேசுகிறார் என்று கவனியுங்கள். அநீதி கண்டால் அந்தச் சபையிலேயே எழுந்து கேளுங்கள்.