உப்பும் உள்ளமும்

உறக்கமே வேண்டாத உற்சாகத்தில் சில வாரங்கள் கைப்பொருளை வாரி இறைத்துவிட்டு, பின்னர் குளிக்கவும் மனமின்றிச் சுவரைப் பார்த்துக் கிடக்கும் ஒருவரைச் சோம்பேறி என்றோ பேய் பிடித்தவர் என்றோ பழிப்பது பெருங்கொடுமை. அவரைப் பீடித்திருப்பது இருமுனை மனநோய்; அதற்கு மருந்தாவது லித்தியம் என்னும் உப்பு.

இரண்டாம் உலக யுத்தத்தில் மூன்றாண்டுகளுக்கு மேல் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் ஜப்பானியரின் கைதியாயிருந்து மீண்ட ஆஸ்திரேலிய வைத்தியர் ஜான் கேட், மெல்போர்ன் நகருக்கருகே ஒரு மனநல மருத்துவமனையில், பழைய சமையற்கட்டையே ஆய்வுக்கூடமாக்கிக் கினிப்பன்றிகளுக்கு லித்தியம் உப்பைச் செலுத்தியபோது, இயல்பாகவே மிரண்டு துள்ளும் அப்பிராணிகள் மல்லாத்திப் போட்டபோதும் பதறாமல் கிடந்தன. அது நஞ்சின் மயக்கமாகவும் இருந்திருக்கலாம் என்று பின்வந்தோர் சொல்வதுண்டு. ஆயினும், தாமே அவ்வுப்பை உட்கொண்டு பரீட்சித்த பின்னரே நோயாளிகளுக்குக் கொடுத்த கேட், உன்மத்த நிலையிலிருந்த பத்துப் பேரிடம் கண்ட பலனை 1949-இல் பிரசுரித்தார்.

நரம்பணுவினுள் புகும் லித்தியம், அங்கே சமிக்ஞைகளைக் கடத்தும் சில என்ஸைம்களின் வேகத்தை அடக்குகிறது. ஆனால், மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறுகியது: இரத்தத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை மருந்து, 1.5-ஐக் கடந்தால் ஆபத்து. கோடையில் உடலின் நீர் வற்றினாலும், வாந்தி பேதி கண்டாலும் இரத்தத்தில் அந்த அளவு ஏறிவிடக்கூடும். லித்தியம் உட்கொள்ளும்போது கை நடுங்கினாலோ, நடை தள்ளாடினாலோ அன்றே வைத்தியரிடம் செல்லுங்கள்.