டப்பா ஸ்டீரியோவுல டக்கர் பாட்டு!

அப்பா பார்த்துப் பார்த்து வாங்கின மாருதி 800, 'இனிமே நீயே வச்சுக்கோடா' என்று மாமா தூக்கிக் கொடுத்த சான்ட்ரோ... இப்படி ஒரு பழைய கார் கைக்கு வந்துட்டா, காலேஜ் பசங்களுக்கு வேறென்ன வேணும்? பிரச்னை பாட்டுலதான். உங்க போன்ல ஆயிரம் பாட்டு இருக்கும். டேஷ்போர்டுல இருக்கிற ஸ்டீரியோவோ, 'எனக்கு கேசட்டைத் தவிர வேற எதுவும் தெரியாது' என்று அடம்பிடிக்கும். 'புது டச் ஸ்க்ரீன் மாட்டலாம்ப்பா'னு ஆரம்பிச்சா, 'முதல்ல அரியரை க்ளியர் பண்ணு' என்று பதில் வரும்!

கவலையை விடுங்க பாஸ். ஸ்டீரியோவோட முகத்தை ஒரு தடவை உத்துப் பாருங்க. அதுல என்ன ஓட்டை இருக்கோ, அதுதான் உங்க வழி.

கேசட் மட்டும்தானா?

கேசட் அடாப்டர் வாங்குங்க. பார்க்க அசல் கேசட் மாதிரியே இருக்கும். உள்ளே டேப்புக்குப் பதிலா ஒரு குட்டி காந்த ஹெட். போனில் இருந்து ஒயர் வழியா வரும் சிக்னலை அது காந்த அலைகளா மாத்தும். ஸ்டீரியோ, 'ஆஹா, டேப் ஓடுது'னு நம்பிப் பாட ஆரம்பிச்சுடும். போடுறதுக்கு முன்னாடி ஸ்டீரியோ ஹெட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடைச்சிடுங்க. ஆட்டோ ரிவர்ஸ் டெக்கில் சத்தமே வரலைன்னா, சைடு மாத்தும் பட்டனை அழுத்திப் பாருங்க.

குட்டியா ஒரு ரவுண்டு ஓட்டை இருக்கா?

அப்ப நீங்க லக்கி! அதுதான் ஆக்ஸ். 3.5 மி.மீ. கேபிள் ஒண்ணு போதும். போன்ல ஹெட்போன் ஓட்டையே இல்லையா? டைப்-சி டாங்கிள் ஒண்ணைச் சேர்த்துக்கோங்க. ஒயரே வேண்டாம்னா, ஆக்ஸில் செருகும் ப்ளூடூத் ரிசீவர் இருக்கு. கேபிள்ல கேட்கிறப்ப போன் வால்யூமை முக்கால்வாசிக்கு மேல வச்சுட்டு, மிச்சத்தை ஸ்டீரியோவில் கூட்டிக் குறைங்க. போன் சத்தத்தைக் குறைச்சு ஸ்டீரியோவை அலறவிட்டா, பாட்டோட இரைச்சலும் சேர்ந்து அலறும்.

சார்ஜ் போட்டதும் 'ங்ங்ஙொய்'னு சத்தம் வந்து, ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்க அது ஏறுதா? ஸ்பீக்கர் போச்சுனு பதற வேண்டாம். சார்ஜரும் ஸ்டீரியோவும் ஒரே எர்த்தைப் பகிர்ந்துக்கிறதால வர்ற கோளாறு அது. சார்ஜரைக் கழட்டிப் பாருங்க. சத்தம் நின்னா, 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்ற குட்டி டப்பாவை ஆக்ஸ் ஒயருக்கு நடுவுல மாட்டினா போதும்.

ரேடியோ மட்டும்தான் பாடுதா?

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வாங்குங்க. போனோட ப்ளூடூத்தில் பேசி, பாட்டை எஃப்.எம். அலையா ஸ்டீரியோவுக்கு அனுப்பும். எந்த ஸ்டேஷனும் இல்லாத காலி இடத்தைத்தான் பிடிக்கணும். சென்னையில் போய் 93.5-ல் வச்சா, சூரியன் எஃப்.எம்-மோட மல்லுக்கட்டணும்! ஊர் மாறினா காலி இடமும் மாறும். 87.5 முதல் 108 வரை தேடி, நல்லதா ரெண்டு மூணைக் குறிச்சு வச்சுக்கோங்க. ஆக்ஸ் அளவுக்குத் துல்லியம் இருக்காது. வண்டியை நிறுத்தினதும் கழட்டிடுங்க. சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் அந்த சாக்கெட்டில் கரன்ட் வரும். லீவு முடிஞ்சு வந்து பார்த்தா பேட்டரி படுத்திருக்கும்!

யு.எஸ்.பி. இருந்தும் பாடலையா?

பழைய ஸ்டீரியோக்கள் பலதுக்கு பென் டிரைவ்தான் தெரியும், ஆண்ட்ராய்டு போன் பேசும் பாஷை புரியாது. போன் சார்ஜ் ஆகும், பாட்டு வராது. ஃபேட் 32-ல் ஃபார்மேட் பண்ணின பென் டிரைவ்ல எம்.பி.3 பாட்டா ஏத்திச் செருகுங்க, பாடும்.

மாத்தியே ஆகணுமா?

பழைய கார்கள் பலதுல இருக்கிறது 'சிங்கிள் டின்' அளவு. அகலம் 180 மி.மீ., உயரம் 50 மி.மீ. அதே அளவில் ப்ளூடூத் உள்ள ஸ்டீரியோ கிடைக்குது. கடையில் ஒரே ஒரு கண்டிஷன் போடுங்க: 'அண்ணே, ஒயரை வெட்டாதீங்க, கப்ளர் போட்டு மாட்டுங்க.' வெட்டி முறுக்கி டேப் சுத்தின ஒயர், ஒருநாள் ஷார்ட் ஆகி ஃபியூஸைக் காவு வாங்கலாம். ஃபியூஸும் சரியில்லைன்னா தீயே பிடிக்கலாம். பழைய ஸ்டீரியோவைத் தூக்கிப் போடாதீங்க. அது அப்பாவோட ஃபேவரைட்டா இருக்கலாம்!

கடைசியா ஒண்ணு...

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போறப்ப, பாட்டு மாத்த ரெண்டே ரெண்டு செகண்ட் குனிஞ்சா, வண்டி 33 மீட்டர் தாண்டியிருக்கும். அந்த 33 மீட்டரும் நீங்க கண்ணை மூடிக்கிட்டு ஓட்டின மாதிரிதான். குறுக்கே சைக்கிள்ல ஒரு ஸ்கூல் பையன் வந்தா? 2019-ல் திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்தோட 184-வது பிரிவுப்படி, போனைக் கையில் வச்சு நோண்டிக்கிட்டே ஆபத்தா ஓட்டினா, முதல் தடவையே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, 6 மாதம் முதல் ஒரு வருஷம் வரை ஜெயிலோ, ரெண்டுமோ கிடைக்கலாம்.

அதனால கிளம்பறதுக்கு முன்னாடியே பிளே லிஸ்ட்டை ரெடி பண்ணிடுங்க. பக்கத்து சீட் மச்சானை டி.ஜே. ஆக்கிடுங்க. பின்னாடி வர்ற லாரி ஹாரன் காதுல விழற அளவுக்கு வால்யூம் வைங்க. அவன் போடுற பாட்டு மொக்கையா இருந்தாலும் பரவாயில்லை, வீடு போய்ச் சேர்ந்ததும் சண்டை போட்டுக்கலாம்!