தண்ணி ஒட்டாத துணியும் நம்ம ஊர் தண்ணியும்

போன மழைக்காலத்துக்கு முன்னாடி பெரம்பலூர்ல பையனுக்கு ஸ்கூல் பை வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் பாட்டிலைத் திறந்து பை மேல கொஞ்சம் தண்ணியை ஊத்திக் காட்டினார். முத்து முத்தா உருண்டு கீழே ஓடிடுச்சு. "ஒரு சொட்டு உள்ள போகாது சார்" என்றார். வாங்கிட்டு வந்தாச்சு. வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசனை. துணின்னா தண்ணியைக் குடிக்கணுமே, இது ஏன் குடிக்கல?

தாமரை இலையிலயும் சேம்பு இலையிலயும் நடக்கிற அதே சங்கதிதான். இலையின் மேல் மெழுகு இருக்கு. தண்ணீர் மூலக்கூறுகளுக்கு மெழுகை விட ஒன்றையொன்று ரொம்பப் பிடிக்கும், அதனால பரவாமல் உருண்டையாகச் சுருண்டு நிற்கும். துணியிலும் இதைச் செய்ய மெழுகு போதும், சிலிக்கோன் போதும். மூன்றாவது வழி ஃபுளோரின் கலந்த ரசாயனங்கள். பி.எஃப்.ஏ.எஸ் என்று சொல்லப்படும் பெரிய குடும்பம் அது. கார்பனும் ஃபுளோரினும் சேரும் பிணைப்பு கரிம வேதியியலிலேயே மிக உறுதியான ஒன்று. வெயில், பாக்டீரியா எதுவும் அதைச் சுலபத்தில் உடைக்க முடியாது. அதனாலதான் 'என்றும் அழியாத ரசாயனம்' என்ற பெயர். (சிமென்ட் லாரி மேல போடுற தார்ப்பாயையும் சாதாரண பிளாஸ்டிக் ரெயின்கோட்டையும் இதோடு குழப்பிக்க வேண்டாம். அவை முழுக்கப் பிளாஸ்டிக்கே. அதன் பிரச்சினைகள் வேற.)

இந்தப் பூச்சு பிறந்த கதை ஒரு ஷூவில்தான் ஆரம்பிக்குது. 1953-ல் அமெரிக்காவின் 3எம் ஆய்வகத்தில், உதவியாளர் ஒருவரின் கேன்வாஸ் ஷூ மேல ஒரு ஃபுளோரின் திரவம் சிந்திடுச்சு. எதைப் போட்டுத் துடைச்சும் போகல. போகப் போக மற்ற இடமெல்லாம் அழுக்காச்சு, சிந்தின இடம் மட்டும் சுத்தமா இருந்தது. பாட்ஸி ஷெர்மனும் சாமுவேல் ஸ்மித்தும் இதைப் பிடிச்சுக்கிட்டு உருவாக்கினதுதான் 1956-ல் விற்பனைக்கு வந்த ஸ்காட்ச்கார்ட். 2000-ஆம் ஆண்டு மே மாதம், அதன் அடிப்படையான பி.எஃப்.ஓ.எஸ் தயாரிப்பைக் கைவிடுவதாக 3எம் நிறுவனமே அறிவித்தது. ஆலைப் பக்கமே போகாத சாதாரண மக்களின் ரத்தத்திலும் அது இருந்தது தெரிய வந்திருந்தது.

உடம்புக்கு என்ன செய்யும்? அமெரிக்காவின் பார்க்கர்ஸ்பர்க் பக்கம், டெஃப்லான் ஆலையிலிருந்து கசிந்த பி.எஃப்.ஓ.ஏ கலந்த தண்ணியைக் குடித்த சுமார் 69,000 பேரை வைத்து நடந்த ஆய்வுதான் இதில் பெரியது. சிறுநீரகப் புற்றுநோய், விதைப்பைப் புற்றுநோய், தைராய்டு நோய், பெருங்குடல் அழற்சி, அதிகக் கொழுப்பு, கர்ப்பகால ரத்த அழுத்தம் என ஆறுக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம் என்று அந்தக் குழு சொன்னது. 2023 இறுதியில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு பி.எஃப்.ஓ.ஏ-வைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியது. உள்ளே போனால் சீக்கிரம் வெளியேறாது, ரத்தத்தில் பாதி குறையவே சில வருஷம் ஆகும்.

அதுக்காகப் பையைத் தூக்கி எறிய வேண்டாம். தோல் வழியாகப் போறது கொஞ்சம்தான். பெரும்பாலும் தண்ணி, சாப்பாடு, வீட்டுத் தூசி வழியாகத்தான் உடம்புக்குள் வருது. மாட்டிக்கிறது போட்டுக்கிறவர் இல்லை, பூச்சு போடுற பட்டறையில் நிற்கிறவரும் அந்தப் பட்டறைக்குக் கீழே தண்ணி குடிக்கிறவரும்தான். கடையில் விக்கிற ஷூ ஸ்பிரேயை மூடின அறையில் அடிச்சு, மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கு. அடிக்கணும்னா வாசல்ல வைத்து அடிங்க.

நம்ம பக்கத்து விஷயம் இங்கதான் வருது. எறையூர் சிப்காட்டில் காலணிப் பூங்கா வந்தாச்சு. ஜெயங்கொண்டம் சிப்காட்டில் தைவான் நிறுவனத்தின் காலணி ஆலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டினாங்க. பஞ்சும் மக்காச்சோளமும் தவிர வேற வருமானம் பார்க்காத ஊர்களின் பெண்களுக்கு மாசச் சம்பளம் என்பது பெரிய விஷயம், அதைக் குறை சொல்ல மாட்டேன். வார்ப்பு நுரையில் முழுசாகச் செய்யும் செருப்புக்குப் பூச்சே தேவையில்லை. துணி, தோல் மேல்பாகம் வைத்த ஷூ என்றால் மட்டும்தான் இந்தக் கேள்வி வரும்: மெழுகா, சிலிக்கோனா, ஃபுளோரினா?

தண்ணிப் பக்கம் பார்த்தால், திருப்பூர் நொய்யல் காவிரியில் கலக்குது, முக்கொம்பில் காவிரி பிரிந்து கொள்ளிடமாகி அரியலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லையா ஓடுது. கொள்ளிடக் கூட்டுக் குடிநீர் பெரம்பலூர் வரைக்கும் வருது. தமிழ்நாட்டு ஆற்று நீரில் பி.எஃப்.ஓ.ஏ, பி.எஃப்.ஓ.எஸ் இரண்டும் இருப்பதை 2016-லேயே ஆய்வாளர்கள் கட்டுரையாக வெளியிட்டிருக்காங்க, லிட்டருக்கு நானோகிராம் கணக்கில். அதெல்லாம் ஒரு அளவா என்று தோணும். அமெரிக்கா 2024-ல் இந்த இரண்டுக்கும் குடிநீரில் வைத்த உச்சவரம்பு லிட்டருக்கு வெறும் 4 நானோகிராம். நம்ம குடிநீர் தரநிலை ஐ.எஸ். 10500-ல் இந்தப் பெயர்களே கிடையாது. தண்ணியைக் கொதிக்க வைத்தால் இது போகாது. ஆர்.ஓ.வும், நேரத்துக்கு மாற்றுகிற கரி வடிகட்டியும் பெருமளவு பிடிக்கும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஏழு ஆசிய நாடுகளின் தாய்ப்பாலைச் சோதித்து 2008-ல் வெளிவந்த ஆய்வில் பி.எஃப்.ஓ.எஸ் மிகக் குறைவாக இருந்தது இந்தியாவில்தான். அதாவது மற்ற நாடுகள் இப்போ கோடிகோடியாகக் கொட்டிச் சுத்தம் செய்யும் கணக்கு, நமக்கு அன்னைக்கு அவ்வளவு ஏறியிருக்கல.

பிரான்ஸ் 2026 ஜனவரி 1 முதல் பி.எஃப்.ஏ.எஸ் உள்ள உடை, காலணி விற்பனைக்குத் தடை போட்டது. கலிஃபோர்னியா துணிகளுக்கு ஒரு வருஷம் முன்னாடியே. ஆக, அங்கே கப்பல் ஏறும் ஷூவுக்கு ஃபுளோரின் இல்லாத பூச்சு சட்டப்படி கட்டாயம். அதே ஊர்ல செய்து நம்ம கடைத்தெருவில் விற்கிற ஷூவுக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். மழைக்கு ஃபுளோரின் தேவையே இல்லை. அது செய்யும் ஒரே கூடுதல் வேலை எண்ணெயையும் ஒட்டவிடாமல் தடுப்பது. பள்ளிக்கூடம் போற பிள்ளைக்கு எண்ணெய் ஒட்டாத பை எதுக்கு?

இதை வைத்து வீட்டிலேயே சோதிக்கலாம். தண்ணியும் எண்ணெயும் பக்கத்துல பக்கத்துல ஒரு சொட்டு விட்டு அஞ்சு நிமிஷம் பாருங்க. தண்ணி உருண்டு எண்ணெய் ஊறினால் மெழுகாகவோ சிலிக்கோனாகவோ இருக்கலாம். எண்ணெயும் உருண்டு நின்றால் பெரும்பாலும் ஃபுளோரின்தான். பழசாகித் தேய்ந்த துணியில் இந்தச் சோதனை ஏமாற்றும், புதுசில் செய்யணும். பையனோட பை மேல நல்லெண்ணெய் விட்டேன், உடனே ஊறிக் கறை பிடிச்சிடுச்சு. வீட்டில் நல்ல திட்டு. என்னோட வாக்கிங் ஷூவில் அதே எண்ணெய் கண்ணாடி மணி மாதிரி நின்னுது.