நூற்றுக்கு 87 பேர் வேண்டாம் என்றார்கள். சட்டம் ஏன் வந்தது?

ஒரு சட்டம் கொண்டு வரலாமா என்று அரசாங்கம் மக்களைக் கேட்கிறது. பதில் அனுப்பியவர்களில் நூற்றுக்கு 87 பேர் 'வேண்டாம்' என்கிறார்கள். அப்படியிருந்தும் சட்டம் வந்து விடுகிறது. இது நியாயமா? இதற்குத்தான் மக்களிடம் கருத்துக் கேட்டார்களா?

ஸ்காட்லாந்தில் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் கட்டாயமானபோது எழுந்த கேள்வி இது. மலேசியாவில் வாழ்வோருக்கு இந்தச் சர்ச்சையே வியப்பாக இருக்கலாம். இங்கே 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதமாகவே கணக்கிடுகிறது. சிங்கப்பூரிலும் உரிமம் இல்லாமல் அதை வைத்திருக்க முடியாது. பிரிட்டனின் நிலைமை வேறு. அங்கே சக்தி குறைந்த காற்றுத் துப்பாக்கி பல தலைமுறைகளாக எந்த உரிமமும் இன்றி வீட்டில் கிடந்த பொருள். தாத்தா வாங்கியதைப் பேரன் தோட்டத்தில் தகர டப்பாவை வைத்துச் சுட்டுப் பழகுவான். அப்படிப்பட்ட ஒரு பொருளுக்குத் திடீரென்று போலீசிடம் சான்றிதழ் வாங்கு என்றால் மக்கள் கொதிக்க மாட்டார்களா?

விளையாட்டுப் பொருளா, ஆயுதமா?

காற்றுத் துப்பாக்கியில் வெடிமருந்து கிடையாது. சுருள்வில்லின் விசையாலோ, அழுத்தி அடைக்கப்பட்ட காற்றாலோ, கரியமில வாயுவாலோ ஒரு சிறிய ஈயக் குண்டு வெளியே தள்ளப்படுகிறது. பெரும்பாலும் 4.5 அல்லது 5.5 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குண்டு. பார்த்தால் பயறு போல இருக்கும். ஆனால் நல்ல நீளத் துப்பாக்கியிலிருந்து அது நொடிக்கு 200 மீட்டருக்கும் அதிகமான வேகத்தில் பாயக்கூடும். கண்ணில் பட்டால் பார்வை போகும். மண்டையிலோ நெஞ்சிலோ பாய்ந்தால் உயிரே போகலாம்.

பிரிட்டனின் பழைய விதி சக்தியை மட்டுமே அளவுகோலாக வைத்திருந்தது. நீளத் துப்பாக்கிக்குச் சுமார் 16 ஜூல், கைத்துப்பாக்கிக்குச் சுமார் 8 ஜூல் என்ற வரம்பைத் தாண்டினால் அது உண்மையான துப்பாக்கியாகக் கருதப்படும். அதற்குக் கீழ் இருந்தால் உரிமம் தேவையில்லை.

ஒரு குழந்தையின் மரணம்

2005 மார்ச் மாதம் கிளாஸ்கோ நகரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றின் தலையில் காற்றுத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. குழந்தை பிழைக்கவில்லை. சுட்டவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. இந்த ஆயுதங்களைக் கட்டுப்படுத்துங்கள் என்று பெற்றோர் பல ஆண்டுகள் போராடினார்கள்.

ஸ்காட்லாந்து அரசாங்கத்துக்கும் அதில் உடன்பாடு இருந்தது. ஆனால் அதிகாரம் இல்லை. துப்பாக்கிச் சட்டம் இயற்றும் உரிமை லண்டன் நாடாளுமன்றத்தின் கையில் இருந்தது. 2012-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துச் சட்டம்தான் காற்றுத் துப்பாக்கி பற்றிய அதிகாரத்தை எடின்பரோவுக்கு மாற்றியது. அதே ஆண்டு டிசம்பரில் பொதுமக்களின் கருத்துக் கேட்கப்பட்டது. 2013 மார்ச்சில் அது முடிந்தபோது 1,100-க்குச் சற்று அதிகமான பதில்கள் வந்திருந்தன. அவற்றில்தான் நூற்றுக்கு 87 எதிர்ப்பு.

எதிர்த்தவர்கள் சொன்னது என்ன?

எதிர்த்தவர்களை முரடர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. மன்ற உறுப்பினர்கள், தோட்டத்துக்கு வரும் முயலையும் எலியையும் சுடும் விவசாயிகள், பழைய துப்பாக்கிகளைச் சேர்ப்பவர்கள் எனப் பலவகைப்பட்டவர்களின் பொழுதுபோக்கும் தொழிலும் இதில் அடங்கியிருந்தன. அவர்களின் வாதங்கள் மூன்று.

முதலாவது, சட்டம் ஏற்கெனவே இருக்கிறது என்பது. பிறர் நிலத்தில் அனுமதியின்றித் துப்பாக்கியுடன் நுழைவதும், பொது இடத்தில் காரணமின்றி அதை ஏந்தித் திரிவதும், 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதும் முன்பே குற்றங்கள். இருக்கும் சட்டத்தை ஒழுங்காக அமல்படுத்துங்கள், புதிதாக ஒன்று எதற்கு என்று கேட்டார்கள்.

இரண்டாவது, குற்றம் செய்பவன் விண்ணப்பப் பாரம் நிரப்பப் போவதில்லை என்பது. வரிசையில் நின்று கட்டணம் கட்டப் போகிறவர் ஒழுங்காக வாழ்பவரே. தப்புச் செய்தவனை விட்டுவிட்டுத் தப்பே செய்யாதவனைத் தண்டிப்பதா?

மூன்றாவது, காற்றுத் துப்பாக்கிக் குற்றங்கள் ஏற்கெனவே கணிசமாகக் குறைந்து வந்தன என்பது. ஸ்காட்லாந்தில் சுமார் 5 லட்சம் காற்றுத் துப்பாக்கிகள் இருக்கலாம் என்று அரசாங்கமே மதிப்பிட்டது. குறைந்து வரும் குற்றத்துக்காக இத்தனை பேரை விசாரிக்கும் சுமையைப் போலீசின் தலையில் ஏற்றுவது வீண் என்றார்கள்.

ஆதரித்தவர்களும் சும்மா இருக்கவில்லை. குண்டடி பட்ட பூனைகளையும் அன்னங்களையும் கண்ட விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் கட்டுப்பாடு தேவை என்று வலியுறுத்தியது. பெற்றோரின் போராட்டம் மக்கள் மனத்தில் நின்றது. 1996-இல் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்ட துயரத்தை அந்த நாடு மறக்கவில்லை. ஆனால் அங்கே சுட்டவன் முறைப்படி உரிமம் பெற்றவன் என்பதையும் சொல்ல வேண்டும். சான்றிதழ் என்ற காகிதம் மட்டும் யாரையும் காப்பாற்றாது. அதைக் கொடுக்குமுன் நடக்கும் விசாரணையில்தான் பாதுகாப்பு இருக்கிறது.

87 என்ற எண்ணை எப்படிப் படிப்பது?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். கருத்துக் கேட்பு அப்படிப்பட்ட ஒரு சோறு அல்ல. அது வாக்கெடுப்பும் அல்ல. யாருடைய கையிலிருக்கும் பொருளைச் சட்டம் தொடுகிறதோ, அவர்தாம் உட்கார்ந்து பதில் எழுதுவார். தெருவில் பிள்ளையை விளையாட விடும் தாய்க்கு அப்படியொரு கருத்துக் கேட்பு நடப்பதே தெரிந்திருக்காது. ஆகவே 87 விழுக்காடு என்பது நாட்டின் குரல் என்று கொள்ள முடியாது. அது பெரும்பாலும் பாதிக்கப்படுவோரின் குரல்.

அதற்காக அந்தக் குரலைத் தள்ளிவிடலாமா? கூடாது. எண்ணிக்கையை விட்டுவிட்டு வாதத்தை எடைபோட வேண்டும். மூன்று வாதங்களில் இரண்டாவதுதான் மிகவும் வலுவானது போலத் தெரிகிறது. குற்றவாளி உரிமம் எடுக்க மாட்டான் என்பது உண்மை. ஆனால் அந்த உண்மையே சட்டத்தின் பயனையும் காட்டுகிறது.

முன்பு ஒருவனிடம் காற்றுத் துப்பாக்கி இருப்பதைப் போலீசார் கண்டாலும், அவன் தன் வீட்டுக்குள் இருந்தால் அதை வைத்திருப்பதற்காக மட்டும் அவனைப் பிடிக்க முடியாது. அவன் தவறாகப் பயன்படுத்தும்வரை பொறுத்திருக்க வேண்டும். அதாவது ஒரு பூனையோ ஒரு குழந்தையோ அடிபடும்வரை. இப்போது சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். சுட்ட பிறகு தண்டிப்பதிலிருந்து, சுடுமுன் தடுப்பதற்குச் சட்டம் நகர்ந்திருக்கிறது. இருக்கும் சட்டமே போதும் என்ற முதல் வாதத்துக்கும் பதில் இதில் இருக்கிறது.

புதிய விதி என்ன சொல்கிறது?

2015-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் சட்டத்தை நிறைவேற்றியது. 2016 டிசம்பர் 31 முதல் உரிமம் கட்டாயமானது. விண்ணப்பிப்பவர் தகுதியானவரா, துப்பாக்கி வைத்திருக்க நல்ல காரணம் உண்டா, அவரால் பொதுமக்களுக்கு ஆபத்து நேருமா என்று போலீசார் பார்ப்பார்கள். இலக்குச் சுடுதல், பூச்சி எலிகளை ஒழித்தல், சேகரித்தல் போன்றவை ஏற்கத்தக்க காரணங்கள். 14 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குப் பெற்றோரின் சம்மதமும் கூடுதல் நிபந்தனைகளும் உண்டு. மீறினால் இரண்டு ஆண்டுவரை சிறை விதிக்கலாம்.

இது தடைச் சட்டம் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். சான்றிதழ் ஆளுக்குத்தான், ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியாகப் பதிவு இல்லை. அங்கீகரிக்கப்பட்ட மன்றங்களின் உறுப்பினர்கள் மன்ற நடவடிக்கைகளில் ஈடுபடும்போது அவர்களுக்கு விலக்கும் உண்டு. தொடக்கத்தில் ஐந்தாண்டுக்குக் கட்டணம் 72 பவுண்டு. ஆண்டுக்குப் பதினான்கு பவுண்டுக்குச் சற்று அதிகம். சுமை இல்லை என்று சொல்ல முடியாது. தாங்க முடியாத சுமை என்றும் சொல்ல முடியாது.

சட்டம் அமலாகுமுன் 2016 மே, ஜூன் மாதங்களில் போலீசார் மூன்று வாரம் ஓர் இயக்கம் நடத்தினார்கள். வேண்டாத துப்பாக்கியைக் கொண்டு வந்து ஒப்படைக்கலாம் என்றார்கள். 11,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. உரிமம் என்ற பேச்சு எழாதிருந்தால் அவற்றை வெளியே எடுக்க யாருக்கும் தோன்றியிருக்காது. ஒரு நாள் ஏதேனும் ஒரு சிறுவனின் கையில் சிக்கியிருக்கக்கூடியவை அவை.

பக்கத்து ஊரில் வேறு முடிவு

எல்லைக்குத் தெற்கே இங்கிலாந்து அதே வழியில் போகவில்லை. 2017 டிசம்பரில் அங்கும் காற்றுத் துப்பாக்கி விதிகள் மறுஆய்வு செய்யப்பட்டன. சுமார் 50,000 பேர் கருத்து அனுப்பினார்கள். முடிவில் பொது உரிமம் கொண்டு வரப்படவில்லை. சிறுவர்களின் கையில் அது சிக்காமல் தடுப்பதிலேயே கவனம் சென்றது. வட அயர்லாந்திலோ ஒரு ஜூல் சக்தியைத் தாண்டினாலே சான்றிதழ் வேண்டும். ஒரே நாட்டுக்குள் மூன்று விதமான விதிகள்.

இதில் எது சரி என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஸ்காட்லாந்து தரும் பாடம் துப்பாக்கியோடு நிற்கவில்லை. எந்தச் சட்டம் வந்தாலும் பாதிக்கப்படுவோரின் குரல் உரக்கக் கேட்கும். காப்பாற்றப்படப் போகிறவரின் குரல் கேட்காது, ஏனென்றால் தாம் காப்பாற்றப்படப் போகிறோம் என்பது அவருக்கே தெரியாது. முதல் குரலை மதித்துச் சட்டத்தின் சுமையைக் குறைக்க வேண்டும். இரண்டாவது குரலை நினைத்துச் சட்டத்தைக் கைவிடாமல் இருக்க வேண்டும்.

அடுத்த முறை அரசாங்கம் கருத்துக் கேட்கும்போது, அது தலைக்கவசமோ, பட்டாசோ, சாலை வேகமோ, எதுவாக இருந்தாலும், பதில் எழுதுமுன் ஒரு கணம் யோசிக்கலாம். இந்தக் கேள்விக்குப் பதில் எழுத முடியாதவர் யார்? இரண்டு வயதுக் குழந்தை எந்தப் பாரத்தையும் நிரப்பி அனுப்புவதில்லை.