திராட்சையைத் தள்ளும் காந்தம்

ஸ்ட்ரா ஒன்றின் இரு முனைகளிலும் முனைக்கு ஒரு திராட்சையாகச் செருகுங்கள். நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஆட்டம் அடங்கும்வரை காத்திருங்கள். பிறகு சக்திவாய்ந்த நியோடிமியம் காந்தம் ஒன்றைத் திராட்சைமேல் படாமல் மிக அருகே கொண்டுபோங்கள். திராட்சை மெல்ல மெல்ல விலகிப் போகும். காந்தத்தைத் திருப்பி மறுமுனையைக் காட்டினாலும் விலகவே செய்யும். அதற்கு வடமுனை, தென்முனை பேதமில்லை.

திராட்சையில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரைக் காந்தம் விலக்குகிறது! இரும்பு, நிக்கல், கோபால்ட் என்று மூன்று பெயர்களை ஒப்பித்துவிட்டு, மற்றவை எல்லாம் காந்தத்துக்குச் சம்பந்தமில்லாதவை என்று பள்ளியிலேயே முடிவுகட்டி விடுகிறோம். உண்மையில் காந்தத்துக்கு முகம் கொடுக்காத பொருளே உலகத்தில் கிடையாது. பெரும்பாலானவற்றின் பதில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியது, அவ்வளவுதான். 1845இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே, ஈயம் கலந்த கனமான கண்ணாடித் துண்டைப் பெரிய மின்காந்தத்தின் முனைகளுக்கு நடுவே தொங்கவிட்டார். இரும்பாக இருந்தால் முனைக்கு முனை நேராக நின்றிருக்கும். கண்ணாடி குறுக்கே திரும்பி நின்றது. இப்படி விலகும் பொருட்களுக்கு அவர் வைத்த பெயர்தான் இன்றும் பாடநூல்களில் உள்ள ‘டயா காந்தப் பொருட்கள்’.

ஏன் விலக வேண்டும்? 1820இல் கோபன்ஹேகனில் ஆர்ஸ்டெட், மின்சாரம் பாயும் கம்பி திசைகாட்டி முள்ளை அசைப்பதைக் கண்டார். மின்னோட்டம் இருக்கும் இடத்தில் காந்தம் இருக்கிறது என்பது அன்று உறுதியானது. 1831இல் ஃபாரடே அதன் மறுபக்கத்தைக் காட்டினார். காந்தப்புலம் மாறினால் கம்பிச்சுருளில் மின்னோட்டம் பிறக்கும். அப்படிப் பிறக்கும் மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய மாற்றத்தையே எதிர்க்கும் என்று லென்ஸ் என்ற இயற்பியலாளர் சேர்த்தார். டைனமோவும் டிரான்ஸ்ஃபார்மரும் இந்த அடித்தளத்தில்தான் நிற்கின்றன. அணுவுக்குள்ளும் இதே கதைதான்: வெளியிலிருந்து காந்தப்புலம் வந்தால் எலெக்ட்ரான்களின் ஓட்டம் அதை எதிர்க்கும் பக்கமாகச் சற்று மாறும். முழுக் கணக்குக்குக் குவாண்டம் இயக்கவியல் வேண்டும். ஆனால் திசை, லென்ஸ் சொன்ன திசையே.

இந்த விலகலை வைத்து மூலக்கூறின் முகத்தைப் பார்த்த ஒருவர் நம் ஊர்க்காரர். 1898இல் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். ராமன் விளைவில் ராமனின் துணைவர் என்றே அவரை நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் 1928 இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு அங்கும், பின்னர் கல்கத்தாவிலும் அவர் செய்த படிகக் காந்தவியல் ஆய்வு அவருடைய சொந்தத் தோட்டம். என் கணிப்பில் அவருடைய மேதைமை முழுதாகத் தெரிவது அங்கேதான்.

எடுத்துக்கொண்ட பொருட்களில் ஒன்று நாப்தலீன். துணி அலமாரியில் போடுகிற அந்துருண்டைச் சரக்கு. அதன் சிறு படிகம் ஒன்றை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் காந்தப்புலத்துக்குள் தொங்கவிடுவார்கள். படிகம் தனக்குப் பிடித்த திசையில் திரும்பி நிற்கும். இழையின் மேல்முனையை மெதுவாக முறுக்க முறுக்க, படிகம் பிடிவாதமாகப் புலத்தைப் பற்றிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகரும். 45 டிகிரியைத் தாண்டிய ஒரு கட்டத்தில் பிடி விட்டுச் சட்டென்று சுழன்றுவிடும். அதுவரை எவ்வளவு முறுக்கினோம் என்பதை வைத்தே, படிகத்தின் காந்தப் பண்பு திசைக்குத் திசை எவ்வளவு வேறுபடுகிறது என்று கணக்கிடலாம். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாத, எண்ணி எண்ணி வியக்க வைக்கும் முறை இது.

நாப்தலீன் மூலக்கூறு இரண்டு பென்சீன் வளையங்கள் ஒட்டிய தட்டையான அமைப்பு. வளையத்துக்குச் செங்குத்தாகப் புலம் வரும்போது எலெக்ட்ரான்கள் வளையத்தைச் சுற்றியே ஓட முடிவதால், அந்தத் திசையில் விலக்கம் பல மடங்கு அதிகம். ஆகவே காந்தப் பண்பை அளந்தால், படிகத்துக்குள் மூலக்கூறுகள் எந்தப் பக்கம் சாய்ந்து அடுக்கப்பட்டிருக்கின்றன என்று சொல்லிவிடலாம். எக்ஸ் கதிர்ப் படிகவியலில் பேர்பெற்ற கேத்லீன் லான்ஸ்டேலுடன் இணைந்து 1936இல் கிருஷ்ணன் இதுபற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 1940இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

வேதியியலுக்குக் காந்தம் தந்த வரங்கள் இன்னும் உண்டு. ஒவ்வொரு எலெக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம். ஜோடி சேர்ந்தால் ஒன்றை ஒன்று ரத்து செய்துவிடும். ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு எலெக்ட்ரான்கள் ஜோடியின்றி நிற்பதால் காந்தம் அதை ஈர்க்கிறது. 1936இல் வேதியியலாளர்கள் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் இரத்தத்தைச் சோதித்தார்கள். ஆனால் ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினில் எலெக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்துவிடுவதால் அதைக் காந்தம் விலக்கியது. ஆக்சிஜனை இழந்ததை ஈர்த்தது. இன்று மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் காட்டுவதற்கு இந்த வேறுபாடுதான் ஆதாரம்.

இயற்பியல், வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். காந்தப் பாடம் நடத்தும் அன்று இரண்டு திராட்சையும் ஒரு நல்ல காந்தமும் வகுப்புக்கு எடுத்துச் செல்லுங்கள். திராட்சை விலகியதும் பிள்ளைகள் ‘ஏன்?’ என்று கேட்பார்கள். அப்போது வத்திராயிருப்புக் கிருஷ்ணனின் பெயரைச் சொல்லுங்கள்.