எழுதப்படாத தோரா

ஆடுமாடுகளை இறைவன் கட்டளையிட்ட முறைப்படி அடித்துச் சாப்பிடலாம் என்கிறது உபாகமத்தின் 12ஆம் அதிகாரம். அந்த முறை என்ன என்று தேடினால் யூதரின் தோரா எனப்படும் மோசேயின் ஐந்து நூல்களில் எங்கும் கிடைக்காது. கத்தி எப்படி இருக்க வேண்டும், கழுத்தில் எந்த இடத்தில் அறுக்க வேண்டும் என்பதெல்லாம் வாய்வழி வந்தவை. ஓய்வுநாளில் வேலை கூடாது என்பதும் இதே கதைதான். எவையெல்லாம் வேலை என்று 39 வகைகளைப் பட்டியலிட்டது பின்னால் வந்த மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பு.

இந்த விளக்கங்களுக்கு யார் அதிகாரம் தந்தது? யூதச் சட்ட அறிஞர்களான ரபிகள் முதலில் சொல்லும் பதில், சீனாய் மலை. மலையில் மோசே எழுத்துத் தோராவோடு வாய்மொழித் தோராவையும் பெற்றார். அவரிடமிருந்து யோசுவா, பிறகு மூப்பர்கள், தீர்க்கதரிசிகள், மகா சபையார் என்று அது கைமாறி வந்தது. மிஷ்னாவின் 'ஆவோத்' பகுதி இந்த வரிசையோடுதான் தொடங்குகிறது. எருசலேம் ஆலயத்தை ரோமர்கள் கி.பி. 70இல் அழித்தார்கள். அதன்பின் ஏறத்தாழ கி.பி. 200இல் இந்த மரபைத் தொகுத்து மிஷ்னாவாக்கியவர் யூதா ஹநாசி.

வரிசையைச் சொல்பவர்கள் வரிசையின் கடைசியில் நிற்பவர்களே என்பதால், வரலாற்றாசிரியருக்கு இது போதாது. ரபிகளிடம் இன்னொரு ஆதாரம் இருந்தது. என் கணிப்பில் அதுவே வலுவானது. தீர்க்க முடியாத வழக்கென்றால் அந்தக் காலத்து நீதிபதியிடம் போ, அவர் சொன்னதிலிருந்து இப்படி அப்படி விலகாதே என்கிறது உபாகமம் 17. அந்தந்தத் தலைமுறையின் அறிஞர்களுக்கு இறைவனே கொடுத்த அதிகாரம் இது என்று அவர்கள் பொருள்கொண்டார்கள். ஹனுக்கா விளக்கையே பாருங்கள். அந்தப் பண்டிகை மோசேக்கு எத்தனையோ நூற்றாண்டுகள் பிந்தியது. ஆனாலும் விளக்கேற்றும்போது, இதை ஏற்றும்படி இறைவனே கட்டளையிட்டதாகச் சொல்லித்தான் துதிக்கிறார்கள். எங்கே கட்டளையிட்டார் என்று, மிஷ்னாவை விவாதிக்கும் தல்மூத் தானே கேட்டுக்கொண்டு, உபாகமம் 17ஐக் காட்டுகிறது.

இந்த அதிகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தல்மூதிலேயே ஒரு துணிச்சலான கதை உண்டு. ஓர் அடுப்பின் தீட்டு பற்றிய வாதத்தில் ரபி எலியேசர் ஒருபுறம், மற்ற அறிஞர்கள் எல்லாரும் மறுபுறம். எலியேசர் சொல்வதே சரி என்று வானத்திலிருந்து குரல் கேட்கிறது. ரபி யோசுவா எழுந்து, தோரா இப்போது வானத்தில் இல்லை என்று மறுக்கிறார். பெரும்பான்மை முடிவே நிலைக்கிறது.

எல்லா யூதரும் வாய்மொழித் தோராவை ஏற்கவில்லை. ரபிகளுக்கு முன்னோடிகளான பரிசேயர் முன்னோரிடமிருந்து பெற்ற விதிகளைப் போதித்தார்கள், மோசேயின் சட்டத்தில் எழுதியிருந்தால் மட்டுமே ஏற்போம் என்றார்கள் எதிர்த்தரப்பான சதுசேயர் என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். எட்டாம் நூற்றாண்டுக்குப் பிறகு கராயிட்டுகள் என்ற யூதப் பிரிவினர் இன்னும் கடுமையாக எதிர்த்தார்கள். ஓய்வுநாளில் வீட்டில் நெருப்பு மூட்டாதே என்பது தோரா. முன்கூட்டியே ஏற்றிய விளக்கு எரியலாம் என்றார்கள் ரபிகள். கராயிட்டுகளோ ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளி இரவை இருட்டில் கழித்தார்கள். இத்தனைக்கும், போகப்போக அவர்களுக்கும் பரம்பரையாக வந்த வழக்கம் என்ற ஒன்று தேவைப்பட்டது.

அது ஏன் என்பதற்கு ஹில்லேல் என்ற யூத அறிஞர் பற்றிய பழைய கதையில் விடை இருக்கிறது. எழுத்துத் தோரா மட்டும் போதும் என்று வந்த ஒருவருக்கு அவர் முதல் நாள் எபிரேய எழுத்துகளை வரிசையாகக் கற்பித்தார். மறுநாள் வரிசையைத் தலைகீழாகச் சொன்னார். வந்தவர் குழம்பினார். எது முதல் எழுத்து என்பதற்கே என்னை நம்புகிறாய், வாய்மொழித் தோராவுக்கும் நம்பு என்றார் ஹில்லேல்.

12ஆம் நூற்றாண்டில் யூதக் கவிஞரும் சிந்தனையாளருமான யூதா ஹலேவி கராயிட்டுகளிடம் திருப்பிவிட்டது இதே வாதத்தைத்தான். தோராச் சுருளில் உயிர்க்குறிகள் கிடையாது. ஆட்டுக்குட்டியைத் தாயின் பாலில் சமைக்காதே என்ற கட்டளையில் 'பால்' என்று படிக்கும் எழுத்துகளை, உயிரொலியை மாற்றினால் 'கொழுப்பு' என்றும் படிக்கலாம். கராயிட்டுகளும் அதைப் பால் என்றே படித்தார்கள். அந்த உச்சரிப்பு அவர்களுக்கும் செவிவழியாகத்தான் வந்திருந்தது.