32 அங்குல டிவியா, 24 அங்குல மானிட்டரா?

புழலில் ஜி.என்.டி. சாலையை விட்டு உள்ளே தள்ளிய தெருக்களில், பத்துக்குப் பத்து அறையிலேயே படிப்பும் வேலையும் நடக்கும் வீடுகள் உண்டு. அங்கே கம்ப்யூட்டருக்குப் பெரிய திரை வேண்டுமென்ற பேச்சு எழுந்தால், முதலில் வரும் யோசனை 32 அங்குல டிவி. மானிட்டர் விலைதான் ஆகும், எச்.டி.எம்.ஐ. ஒயரைச் செருகினால் படம் வந்துவிடும், போதாதா? போதாது. மூலைக்கு மூலை நீளம் எவ்வளவு என்பதைத்தான் அங்குலக் கணக்கு சொல்லும். திரையில் எத்தனை வரி பிடிக்கும் என்பதைப் பிக்சல்தான் சொல்லும். விலை குறைந்த 32 அங்குல டிவிகள் பலவற்றில் 1366-க்கு 768, அதாவது சுமார் 10.5 லட்சம் பிக்சல்தான். 24 அங்குல ஃபுல் எச்.டி. மானிட்டரில் 1920-க்கு 1080, சுமார் 20.7 லட்சம். சின்னத் திரையில்தான் இரு மடங்கு விஷயம் தெரிகிறது. பழைய 14 அங்குல லேப்டாப்கள் பலவும் இதே 1366 கணக்குதான். அதை இந்த டிவியில் இணைத்தால் கூடுதலாக ஒரு வரிகூடத் தெரியாது. இருப்பதே ஊதிப் பெரிதாகும்.

அந்த டிவியில் ஒரு பிக்சல் அரை மில்லிமீட்டர் அகலம்; மானிட்டரில் கால் மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். எட்டடி தள்ளி உட்கார்ந்து படம் பார்ப்பவருக்கு இது தெரியாது. மேசையில் இரண்டடியில் உட்காருபவருக்குத் தெரியும், அதுவும் தமிழ் படிப்பவருக்கு நன்றாகவே தெரியும். சின்ன எழுத்தில் ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும், மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். போதாக்குறைக்கு, சில டிவிகள் படத்தின் ஓரத்தை வெட்டிவிடுவதால் கீழே டாஸ்க்பார் பாதி காணாமல் போகும். இதையாவது செட்டிங்ஸில் சரிசெய்யலாம். இல்லாத பிக்சலை எந்த செட்டிங்கும் கொண்டுவராது.

அப்படியானால் 43 அங்குல 4கே டிவி வாங்கலாமே என்று கேட்பது நியாயம்தான். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட திரைகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. பிக்சலும் சுமார் 83 லட்சம். நெருக்கத்தில் 24 அங்குல மானிட்டரையே மிஞ்சும். ஆனால் அதன் அகலம் 95 சென்டிமீட்டர். இரண்டடி மேசையில் வைத்தால் நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய கம்ப்யூட்டரின் எச்.டி.எம்.ஐ. 1.4 வாயிலில் 4கே படம் நொடிக்கு 30 தடவைதான் மாறும். மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகரும். சுவரில் மாட்டி மூன்றரை அடி தள்ளி உட்கார இடமும் புது மெஷினும் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ‘ஒரே டிவி ரெண்டுக்கும் ஆச்சு’ என்ற கணக்கு மட்டும் பலிக்காது. சீரியல் ஓடும் நேரம்தான் பிள்ளைகள் படிக்கும் நேரமும்.

கண் மங்கிய பெரியவர்களுக்கு 27 அங்குல ஃபுல் எச்.டி. பரவாயில்லை, எழுத்து பெரிதாகவே தெரியும். மற்றவர்கள் 27-க்குப் போவதானால் 2560-க்கு 1440 உள்ளதாகப் பார்க்க வேண்டும்; அதற்குப் பணம் எட்டாவிட்டால் 24-ஓடு நிற்பதே மேல். ஐ.பி.எஸ். பேனலா என்று கேளுங்கள், பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. சென்னை ரிச்சி தெருவில் பழைய மானிட்டர் வாங்குவதானால், முழு வெள்ளை, முழுக் கறுப்புப் படங்களைப் போடச் சொல்லிச் செத்த பிக்சல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, இரண்டடி தள்ளி நின்று படித்துப் பார்த்த பின் பணத்தை எடுங்கள்.